ஃபுட்டேஜ்: சொல் விளக்கம்

காவலரின் மார்பில் பொருத்திய கேமராவில் பதிவாவதைச் செய்திகள் ‘பாடி கேமரா ஃபுட்டேஜ்’ என்றே எழுதுகின்றன. ‘ஃபுட்டேஜ்’ என்பது உண்மையில் அடிக்கணக்கு. அடியைக் குறிக்கும் ‘ஃபுட்’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு, மைலேஜ் என்பதில் வரும் விகுதியே இதிலும் சேர்ந்தது. 35 மி.மீ. படச்சுருளில் ஓரடிக்கு 16 சட்டங்கள் (ஃபிரேம்கள்). விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடினால் ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடி சுருள் தேவைப்பட்டது. இப்படிச் சுருளின் நீளத்தை அளந்த சொல், பிறகு அதில் பதிவானதையே குறிக்கலாயிற்று. சுருள் மறைந்த பின்னும், வெட்டித் தொகுக்காத மூலம் என்னும் பொருள் அதில் தங்கியிருக்கிறது.

இதற்குக் ‘காணொளி’ பொருந்தாது. அது தொகுத்து வெளியிட்டதையும் குறிக்கும். ‘ஒளிப்பதிவு’ ஒரு கலையின் பெயராக நிலைத்துவிட்டது. ‘மூலக் காட்சிப்பதிவு’ என்பதே என் தேர்வு. ‘பாடி கேமரா’வை ‘உடல் கேமரா’ என்றால் உடலுக்குள் செலுத்தும் மருத்துவக் கருவிதான் நினைவுக்கு வருகிறது. ‘உடலணி கேமரா’ எனலாம்.

‘மூல’ என்னும் அடையை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. பல கருவிகளில், காவலர் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 விநாடிக் காட்சி ஒலியில்லாமல் சேமிக்கப்படுகிறது. முதல் அரை நிமிடம் ஊமையாக ஓடுவதைப் பார்ப்பவர் ஒலியை யாரோ நீக்கிவிட்டதாக எண்ணக்கூடும். மாறாக, பொதுமக்களுக்குத் தரும் நகலில் சாட்சிகளின் முகம் மங்கலாக்கப்பட்டு, முகவரி சொல்லும் குரல் அடக்கப்பட்டிருக்கலாம். அதை மூலம் என்று அழைப்பது தவறு. ‘மறைப்பு செய்த நகல்’ என்பதே சரி.

இப்பதிவுகள் பொதுமக்களுக்குக் கிடைப்பதைக் குறிக்கும் ‘பப்ளிக் ஆக்சஸ்’ என்பதைப் ‘பொது அணுகல்’ என்று பெயர்ப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2016-இல் இயற்றிய சட்டம் இப்பதிவுகளைப் பொது ஆவணம் அல்ல என்று விலக்கி, காட்டுவதையும் வழங்குவதையும் தனித்தனியே வரையறுத்தது: பதிவில் உருவமோ குரலோ இடம்பெற்றவர் அதைப் பார்க்கக் காவல் துறையிடமே கேட்கலாம், நகல் வேண்டுமென்றால் பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும். கலிஃபோர்னியாவிலோ, 2019 ஜூலை முதல், காவலர் யாரையேனும் நோக்கிச் சுட்ட நிகழ்வின் பதிவைப் புலனாய்வுக்குப் பெரும் இடையூறு நேரும் என்று காட்டி முதலில் 45 நாள் வரை நிறுத்திவைக்கலாம். அதற்கு மேல் தாமதிக்கக் கூடுதல் காரணம் காட்ட வேண்டும். ஆகவே ‘அணுகல்’ என்று பொதுவாகச் சொல்லாமல், பேசுவது எதைப் பற்றியோ அதற்கேற்பப் ‘பார்வையிடல்’ என்றோ ‘நகல் பெறுதல்’ என்றோ பிரித்தே எழுத வேண்டும்.