6-ஐ உடைக்க இரண்டு வழிகள்

வளையங்கள் பாடத்தில் ஐடியல் என்று ஒன்று வரும். (வளையம் என்பது முழு எண்களைப் போல, கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் விடை உள்ளேயே இருக்கும் ஒரு தொகுப்பு.) வளையத்துக்குள் ஓர் உட்கணம். அதன் உறுப்புகளைக் கூட்டினாலும் கழித்தாலும் விடை அதற்குள்ளேயே இருக்கும். வளையத்தின் எந்த உறுப்பால் பெருக்கினாலும் அதற்குள்ளேயே வந்துவிடும். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் இது எதற்குத் தேவைப்பட்டது என்பது வரையறையில் எங்கும் இல்லை. கூடப் படிக்கிறவருக்கு இதை விளக்க உட்கார்ந்தால், 6 என்ற எண்ணிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

முழு எண்களில் 6 = 2 × 3. பகா எண்களாக உடைக்க வேறு வழி கிடையாது. இப்போது √−5-ஐயும் சேர்த்துக்கொள்வோம். அ, ஆ இரண்டும் முழு எண்கள் என்றால், அ + ஆ√−5 என்ற வடிவில் உள்ள எண்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வளையம். இங்கே 6-க்கு இன்னொரு வழி திறக்கிறது:

6 = (1 + √−5) × (1 − √−5)

பெருக்கிப் பாருங்கள், 1 + 5 வரும்.

சரி, இன்னும் உடைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடாதா? 210-ஐ ஒருவர் 10 × 21 என்றும் இன்னொருவர் 14 × 15 என்றும் எழுதினால் நாம் பதறுவதில்லை. இருவரும் 2, 3, 5, 7 வரை போனால் வேறுபாடு தீர்ந்துவிடும். √−5 வளையத்தில் அப்படிப் போக முடியாது. ஒவ்வோர் எண்ணுக்கும் அ² + 5ஆ² என்ற நார்மைக் கணக்கிடுங்கள். எண்களைப் பெருக்கினால் நார்ம்களும் பெருகும். 2-இன் நார்ம் 4, 3-இன் நார்ம் 9, மற்ற இரண்டுக்கும் 6. இவற்றில் எதை உடைப்பதானாலும் நார்ம் 2 அல்லது 3 உள்ள காரணி வேண்டும். அப்படி எதுவும் இல்லை: ஆ பூச்சியமானால் நார்ம் ஒரு வர்க்க எண்; இல்லாவிட்டால் குறைந்தது 5. ஆக நான்குமே உடையாத எண்கள்.

இந்தச் சிக்கல் பெரிய இடத்தில் வெடித்தது. 1847 மார்ச் 1 அன்று, பாரிஸ் அறிவியல் கழகத்தில், ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை (n என்பது 2-ஐ விடப் பெரிதானால் xⁿ + yⁿ = zⁿ ஆகும்படி மிகை முழு எண்கள் இல்லை என்பதை) நிறுவிவிட்டதாக கணிதவியலாளர் கேப்ரியல் லாமே அறிவித்தார். கலப்பெண்களைச் சேர்த்துக்கொண்டு காரணிகளாக உடைப்பதுதான் அவர் வழி. அந்த எண்களிலும் காரணிப்படுத்தல் ஒரே விதமாகத்தான் அமையும் என்பதற்கு என்ன உறுதி என்று இன்னொரு கணிதவியலாளரான லியூவில் அங்கேயே கேட்டார். உறுதி இல்லை. அது பொய்த்துப்போகும் என்பதை எர்ன்ஸ்ட் கும்மர் 1844-லேயே வெளியிட்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத காரணிகள் பின்னால் இருப்பதாக வைத்துக்கொண்டால் ஒழுங்கு திரும்பிவிடும் என்பது கும்மரின் யோசனை. அந்தக் காரணிகள் என்ன என்பதை டெடகிண்ட் 1871-இல் தெளிவாக்கினார்: காரணி ஓர் எண்ணாக இருக்க வேண்டியதில்லை, எண்களின் கணமாக இருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 3 என்பதற்குப் பதிலாக '3-இன் மடங்குகள் எல்லாம்' என்ற கணத்தை வைத்துக்கொண்டாலும் 3-ஐப் பற்றி எதுவும் தொலைந்துபோகாது. அப்படியானால் எண்ணே இல்லாத இடத்திலும், அது இருந்திருந்தால் அதன் மடங்குகளாக இருந்திருக்கும் எண்களைத் திரட்டி ஒரு கணம் அமைக்கலாமே! ஐடியலின் வரையறையில் உள்ளவை எல்லாம் மடங்குகளின் குணங்கள்தான்.

செய்து பார்ப்போம். 2-இன் மடங்கு ஒன்றையும் 1 + √−5-இன் மடங்கு ஒன்றையும் கூட்டினால் வருகிற எண்கள் அனைத்தையும் ப என்போம். (அ + ஆ இரட்டைப்படையாக உள்ள எண்கள்தான் இவை.) ப-வை அதனோடே பெருக்க, உறுப்புகளைப் பெருக்கிக் கூட்ட வேண்டும். அடிப்படைப் பெருக்கல்கள் மூன்று: 4, 2 + 2√−5, −4 + 2√−5. மூன்றுமே 2-இன் மடங்குகள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் 6. அதிலிருந்து 4 போனால் 2. ஆக ப × ப என்பது 2-இன் மடங்குகள் முழுவதும், அதற்கு மேல் எதுவும் இல்லை. உடையாத 2 உடைந்துவிட்டது!

இதே முறையில் 3-ஐயும் 1 + √−5-ஐயும் கொண்டு த, 3-ஐயும் 1 − √−5-ஐயும் கொண்டு ந. த × ந எடுத்தால் 3-இன் மடங்குகள். ப × த எடுத்தால் 1 + √−5-இன் மடங்குகள். ப × ந எடுத்தால் 1 − √−5-இன் மடங்குகள். 6-க்குள் இருப்பது ப, ப, த, ந. இரண்டு வழிகளும் இந்த நான்கையும் வேறு வேறு ஜோடிகளாகச் சேர்த்தவை, அவ்வளவுதான். 210-இல் பார்த்ததேதான்.

ஒற்றை எண்ணின் மடங்குகளாக அமையாத, ப போன்ற ஐடியல்கள் எவ்வளவு உண்டு என்பதை அளப்பது வகுப்பு எண். √−5-க்கு அது 2. 1 என்றால் அப்படிப்பட்ட ஐடியல் எதுவும் இல்லை, எண்களே ஒரே விதமாக உடையும். மைனஸ் எண்ணின் வர்க்கமூலத்தைச் சேர்க்கும்போது (தேவையான இடத்தில் அரைகளையும் சேர்த்து) அப்படி அமைவது 1, 2, 3, 7, 11, 19, 43, 67, 163 ஆகிய ஒன்பதுக்கு மட்டுமே. காஸ் ஊகித்த இதை ஹீக்னர் 1952-இல் நிறுவினார். பேக்கரும் ஸ்டார்க்கும் 1960-களில் உறுதிப்படுத்திய பிறகே அது ஏற்கப்பட்டது.

அந்த 163 வேறோர் இடத்திலும் ஒளிந்திருக்கிறது. 0 முதல் 39 வரை ஏதாவது ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அதையே கூட்டி, அப்புறம் 41-ஐக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பகா எண்தான் வரும். இது ஆய்லர் காலத்திலிருந்தே தெரிந்த கணக்கு. 41-ஐ நான்கால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 163. √−163-இன் வகுப்பு எண் 1 என்பதும் இந்த நாற்பது பகா எண்கள் இடைவிடாமல் வருவதும் ஒரே கூற்றின் இரு வடிவங்கள் என்று ரபினோவிச் 1913-இல் நிறுவினார்.