சைக்கிள் பூட்ஸுக்குள் விரல் அசைகிறதா?

குளிர்காலம் பிறந்து மூன்று நான்கு வாரம் ஆகிவிட்டால் என்னிடம் ஒரே மாதிரியான கால்கள் வர ஆரம்பிக்கும். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் ஊதா நிறத்தில் வீங்கியிருக்கும், ராத்திரி போர்வைக்குள் கால் போனதும் அரிப்பு தாங்காது. சேற்றுப்புண் என்று நினைத்துப் பூஞ்சைக் களிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். இது சில்பிளெயின். ஈரக்குளிரில் சுருங்கிய சிறு இரத்தக்குழாய்கள், சட்டென்று சூடு பட்டதும் வீங்கிக்கொள்வதால் வருவது. சைக்கிளில் வேலைக்குப் போகிறவரா என்று கேட்பேன். ஆமாம் என்பார். எத்தனை சாக்ஸ்? "இரண்டு டாக்டர், ரெண்டும் கனமானது." ஷூ? "கோடையில் போட்டதேதான்."

சிக்கல் அங்கேயே இருக்கிறது. உடம்பு குளிர்ந்தால் இதயம், நுரையீரல் பக்கம் இரத்தத்தை வைத்துக்கொண்டு கை கால் நுனிக்குப் போவதைக் குறைத்துவிடும். நடக்கும்போதாவது பாதம் மடங்கி நிமிர்ந்து இரத்தம் ஓடும், பெடலில் அதுவும் இல்லை, விறைப்பான ஷூவுக்குள் பாதம் பலகை மாதிரிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால், வருகிற கொஞ்ச இரத்தத்தையும் நாமே தடுக்கிறோம். சூடு தருவது சாக்ஸ் அல்ல, இரத்தம். சாக்ஸும் அதற்குள் நிற்கும் காற்றும் அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பதோடு சரி.

அதனால் பூட்ஸ் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் வெப்பநிலை எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சாயங்காலம் போங்கள், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். குளிரில் போடப்போகும் அதே கம்பளி சாக்ஸைக் கொண்டுபோய்ப் போட்டு, பூட்ஸை முழுக்க இறுக்கிவிட்டு ஐந்து விரலையும் பியானோ வாசிப்பதுபோல ஆட்டிப் பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது வெற்றிடம் வேண்டும். பெரும்பாலும் அரை சைஸ், சிலருக்கு ஒரு சைஸ் பெரிதாகத் தேவைப்படும். குதிகால் மட்டும் பூட்ஸுக்குள் மேலே எழும்பக் கூடாது. சாக்ஸ் ஒன்று போதும், பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தோலோடு ஒட்டிக்கிடக்கும்.

அடுத்தது தண்ணீர். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், அதனால் 8 டிகிரி மழை, பனி உறையும் வறண்ட நாளைவிட மோசமாகப் படலாம். போதாக்குறைக்கு, காற்றே இல்லாத 5 டிகிரி நாளில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே தோலுக்கு அது கிட்டத்தட்ட 0 டிகிரி. கோர்டெக்ஸ் போன்ற நீர்புகா சவ்வு உள்ள பூட்ஸ் நல்லதுதான். ஆனால் தண்ணீர் அதைத் துளைத்துக்கொண்டு வருவது அபூர்வம், மேலே கணுக்கால் வழியாகத்தான் வழிந்து இறங்கும், உள்ளே போனதை அதே சவ்வு வெளியே விடாது, வாளி மாதிரிப் பிடித்து வைக்கும். கணுக்காலை ஒட்டிப் பிடிக்கும் பட்டை இருக்கிறதா பாருங்கள், மழைக்குப் போடும் பேன்ட்டைப் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள், உள்ளே செருகாதீர்கள். முன்சக்கர மட்கார்டில் தரையை நெருங்குகிற ரப்பர் மடல் ஒன்றைத் தொங்கவிட்டால் பாதத்துக்கு வருகிற தண்ணீர் பெருமளவு குறைந்துவிடும். விலை உயர்ந்த பூட்ஸைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறவர்கள் இதைச் சொன்னால் ஏனோ முகம் சுளிக்கிறார்கள்!

கிளீட், அதாவது ஷூவைப் பெடலோடு பூட்டும் அடிக்கட்டை, மாட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. அதை மாட்டும் ஆணித் துளைகள் வழியாகக் குளிரும் நீரும் அடியிலிருந்து ஏறும். உள்பக்கம் துளையை டேப் வைத்து மூடி, மேலே கம்பளி இன்சோல் போடுங்கள், இடம் இருந்தால் மட்டும். அடிப்பாகம் தடித்த பூட்ஸுக்கு மாறினால் சீட்டையும் அந்த அளவு உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் டிசம்பரில் விரல் வலிக்காமல் ஜனவரியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவீர்கள். கிளீட் பழக்கம் இல்லாதவர்கள் தட்டைப் பெடலும் நல்ல நடைப்பயண பூட்ஸும் வைத்துச் சமாளிக்கலாம், அதில் குறையே இல்லை.

விரலுக்கடியில் ஒட்டும் சூட்டுப் பொட்டலங்கள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்குள் இருப்பது இரும்புத்தூள், அது காற்றோடு சேர்ந்தால்தான் சூடாகும். இறுக மூடிய நீர்புகா பூட்ஸுக்குள் பாதியில் செத்துவிடும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் அதைத் தொடவே வேண்டாம், தோல் வெந்தாலும் தெரியாது.

வீடு வந்ததும் ஈர சாக்ஸைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள், ஹீட்டர் முன்னால் காலை நீட்டாதீர்கள். பூட்ஸையும் அங்கே வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும், இன்சோலை எடுத்துவிட்டுச் செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். விரல் வெள்ளையாகி, நீலமாகி, சூடேறும்போது சிவந்தால், அல்லது மரத்துப்போனது சில மணி நேரமாகியும் திரும்பாவிட்டால், அடுத்த பூட்ஸைத் தேட வேண்டாம், காலை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.