தோரோங் லா: ஜீப் மிச்சப்படுத்தும் நாட்களை உடம்பு திருப்பிக் கேட்கும்

நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையை முழுதாக நடக்க நேரமில்லாதவர்கள், மனாங்கில் தொடங்கி தோரோங் லா கணவாயைக் (5,416 மீ) கடந்து முக்திநாத்தில் முடிக்கிறார்கள். சுமார் 800 மீட்டர் உயரத்திலுள்ள பெசிசஹரில் காலையில் ஜீப் ஏறினால், அன்றிரவே 3,540 மீட்டரிலுள்ள மனாங்கில் படுத்துவிடலாம். ஆலோசனைக்கு வருகிறவர்களின் பயணத் திட்டத்தில் மருத்துவர்களான எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த ஒரு வரிதான்: ஆக்சிஜன் குறைந்த உயரத்துக்கு உடம்பு பழகுமுன் ஏறினால் மலைநோய் வரலாம்.

3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கலாம். படுக்கும் உயரம்தான் கணக்கு, ஏனென்றால் தூக்கத்தில் மூச்சு மந்தமாகி ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் குறையும்.

ஆகவே ஜீப்பைச் சாமேயிலேயே (சுமார் 2,700 மீ) விட்டுவிடுங்கள். மறுநாள் மேல் பிசாங் (3,300 மீ). அங்கிருந்து கியாரு, ஙாவல் வழியாக மேட்டுப்பாதையில் நடந்து மனாங். அந்த வழி மனாங்கைவிட உயர ஏறி இறங்குவதால் உடம்பு பழக உதவும். மனாங்கில் இரண்டு இரவுகள். பிறகு யாக் கர்க்கா (4,050 மீ), தோரோங் பேடி (சுமார் 4,500 மீ), அடுத்த நாள் கணவாய். பேடியில் தங்காமல் 4,880 மீட்டரிலுள்ள ஹை கேம்ப்புக்கு ஏறிப் படுப்பவர்கள் ஒரே நாளில் 800 மீட்டருக்கு மேல் கூட்டுகிறார்கள். விடியுமுன் வரும் தலைவலிக்கு அதுவே காரணம்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், அசதி இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அதை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில், சாப்பாடு என்று காரணம் தேட வேண்டாம். அன்று மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டால் இறங்க வேண்டும். விடுதியின் பலகைத் தரையில் ஒரு இடுக்கைக் கோடாக வைத்துக்கொண்டு, ஒரு காலின் குதிகால் மறுகாலின் பெருவிரலைத் தொடும்படி பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டிலுமே விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும்.

மலைநோயைத் தடுக்க அசெட்டசோலமைடு 125 மி.கி. மாத்திரையைக் காலை, மாலை இருவேளையும், ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து எடுப்பது வழக்கம். விரல் நுனி மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் இதில் சகஜம். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடாதீர்கள். மாத்திரை போட்டதால் ஓய்வு நாளை வெட்டலாம் என்று நினைப்பது தவறு. தூக்க மாத்திரையும் மதுவும் மேலே வேண்டவே வேண்டாம். சீசனில் மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ முகாம் இயங்கும். அங்கே பிற்பகலில் மலைநோய் பற்றிப் பேசுவார்கள், போய்க் கேளுங்கள்.

108 திவ்யதேசங்களில் ஒன்றாகப் போற்றப்படும் முக்திநாத்துக்கு (சுமார் 3,800 மீ) போக்ராவிலிருந்து நேராக ஜீப்பில் போகும் நம் பெரியவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். தரிசனம் முடிந்ததும் 2,700 மீட்டர் அளவிலுள்ள ஜோம்சோமுக்கு இறங்கிப் படுப்பது நல்லது.

திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாள் காலியாக விடுங்கள். நோய் அறிகுறியை மறைத்துக்கொண்டு ஏறுகிறவர்களில் பலருக்கு விமானத் தேதிதான் நெருக்கடி. வானிலைக்கும் அந்த நாட்கள் வேண்டும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம், இரண்டே நாளில் தோரோங் லாவில் பெரும் பனிப்புயலானது; அந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அக்டோபரில் வங்கக் கடலில் புயல் என்று செய்தி வந்தால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பேடிக்கு ஏறாமல் மனாங்கிலேயே இருங்கள்.