மகோதரம்

மகா, உதரம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது மகோதரம். பெரிய வயிறு என்று பொருள். சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் வயிற்றில் நீர் கோர்த்து வீங்கும் நோய்க்கு இதுதான் பெயர். ஆங்கில மருத்துவத்தில் அசைட்டிஸ் என்பார்கள். தோல்பையைக் குறிக்கும் ‘அஸ்கோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லில் பிறந்தது அது.

தமிழில் பெருவயிறு என்ற பழைய சொல் உண்டு. ஆனால் இன்று அதைச் சொன்னால் தொப்பை என்றுதான் நினைப்பார்கள். ‘வயிற்று நீர்க்கோப்பு’ என் தேர்வு. குமரி மாவட்டத்தில், அதிலும் விளவங்கோடு பக்கம், தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். ‘வயித்துல வெள்ளம் கெட்டியிருக்கு’ என்றால் வெளியூர்க்காரர் மிரளுவார், ஆனால் நோயை அதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

வீங்குவது வயிறு என்றாலும், பெரும்பாலும் கோளாறு ஈரலில். குடியாலோ மஞ்சள்காமாலைக் கிருமியாலோ ஈரல் நார்பாய்ந்து இறுகினால், குடலிலிருந்து அங்கே ரத்தம் கொண்டுபோகும் நாளத்தில் அழுத்தம் ஏறும். அப்புறம் சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்துவைக்கும். நீரை ரத்தக்குழாய்க்குள்ளேயே நிறுத்திவைக்கும் ஆல்புமின் புரதமும் குறையும். நீர் வயிற்றுக்குள் கசிந்து தேங்கும்.

கீழாநெல்லியின் பில்லாந்தின், நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடு, மில்க் திசில் என்ற ஐரோப்பியச் செடியின் சிலிமாரின் ஆகிய வேதிப்பொருட்கள் எலிகளின் ஈரல் செல்களைக் காத்ததாக ஆய்வுகள் உண்டு. ஏற்கெனவே இறுகிப்போன ஈரலால் மனிதருக்குக் கோர்த்த நீரை இவை வடித்துவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ‘லிவர் டானிக்’ விளம்பரங்கள் இந்த இடத்தை மட்டும் லேசாகத் தாண்டிப் போய்விடும்.

மூக்கிரட்டையின் கதை வேறு. மலையாளத்தில் தழுதாமை, தேங்காய் சேர்த்துத் துவரன் வைக்கிற கீரைதான். நீர் பிரிக்கும் என்று வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவருகிறார்கள். அதில் புனர்னவைன் என்ற ஆல்கலாய்டும் நிறையப் பொட்டாசியம் உப்பும் இருக்கின்றன. சிக்கல் இந்தப் பொட்டாசியத்தில்தான். நீர்க்கோப்புக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும் உடம்பில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும். இரண்டும் சேர்ந்து அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மாத்திரை சாப்பிடுகிறவர் மூக்கிரட்டைக் கஷாயம் குடிப்பதை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

சரி, பத்தியம்? நாளுக்குச் சுமார் 5 கிராம் உப்புக்குள் நிற்கவேண்டும். கருவாடும் உப்பு மாங்காயும் இருக்கிற வீட்டில் மாத்திரையைவிட இதுதான் கஷ்டம்.