கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தால் ஏன் இந்தக் கோபம்?

"எங்க அம்மாவைப் பார்த்தா எய்ட்ஸ் வர்ற ஆள் மாதிரியா இருக்கு?"

நேற்றுக் காலை கவுன்டரில் இந்தச் சத்தம். இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. கேட்டவர் தேவகோட்டைப் பக்கம், நன்றாகப் படித்தவர். எங்கள் சிஸ்டர் சம்மதப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். புரை ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரையோடு எச்.ஐ.வி., ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றுக்கும் ரத்தம் பார்க்கிறோம். சர்க்கரைக்கு யாரும் சண்டைக்கு வருவதில்லை.

காரைக்குடியில் கண் டாக்டராக இருந்து இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

இது உங்கள் ஒழுக்கத்துக்கு மார்க் போடும் பரீட்சை இல்லை. ஹெபடைட்டிஸ் பி பிரசவத்திலேயே தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். அந்தக் காலத்தில் ஊசி எப்படிப் போட்டார்கள் என்று உங்கள் அப்பத்தாவிடம் கேளுங்கள். கண்ணாடி சிரிஞ்ச், ஒரே ஊசி, வெந்நீரில் ஒரு முக்கு, அடுத்த ஆள். பச்சை குத்தியதும் அப்படித்தான், சலூன் கத்தியும் அப்படித்தான். குழந்தைகளுக்கான ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நாடு முழுக்க வந்ததே 2011-ல். எழுபது வயது ஆச்சிக்கு அது எங்கே கிடைத்திருக்கும்? ஒரு தொந்தரவும் இல்லாமல் முப்பது வருஷம் கிருமியைச் சுமந்துவிட்டு, ஈரல் கெட்ட பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு. கண்ணுக்கு வந்த இடத்தில் முன்கூட்டியே தெரிந்தால் லாபம் உங்களுக்குத்தான். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதற்கு மருந்து இலவசம். வீட்டில் மற்றவர்களுக்கும் சோதித்துத் தடுப்பூசி போட்டுவிடலாம்.

"பாசிட்டிவ்னா ஆபரேஷன் கிடையாதாமே?" யார் சொன்னது? 2017-ல் போட்ட எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, பாசிட்டிவ் என்று வைத்தியத்தை மறுக்கக் கூடாது, வெளியே சொல்லக் கூடாது. "ரிசல்ட்டை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க டாக்டர்" என்று சிங்கப்பூரிலிருந்து கேட்கும் மகனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அம்மா சொல்லாமல் அனுப்ப மாட்டேன். (சில இடங்களில் ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் எனக்குத் தெரியும். அதனால்தான் தெரிந்தவர்களும் மறைக்கிறார்கள். அந்த வெட்கம் எங்கள் தொழிலுக்கு உரியது, நோயாளிக்கு இல்லை.)

நெகட்டிவ் வந்தால் நாங்கள் அசட்டையாக இருந்துவிடுவதும் இல்லை. கிருமி புதிதாக நுழைந்திருந்தால் சில வாரங்களுக்குச் சோதனையில் சிக்காது. அதனால் பாசிட்டிவோ நெகட்டிவோ, எல்லோருடைய கருவியும் நீராவியில் கிருமியைக் கொல்லும் ஒரே ஆட்டோகிளேவில்தான் வேகும். அப்புறம் எதற்குச் சோதனை என்றால், ஆபரேஷன் தியேட்டரில் நோயாளிக்குப் போட்ட ஊசி எங்களில் யாருக்காவது குத்திவிட்டால் உடனே முடிவெடுக்க. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். எங்கள் சிஸ்டர் ஒருத்திக்கு ஒருமுறை குத்தியது. ரிப்போர்ட் கைக்கு வரும்வரை அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இத்தனை ரகளை செய்கிறவர்கள், ஆபரேஷனை உண்மையிலேயே நிறுத்தும் விஷயத்தை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

பங்குனியில் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி. வைகாசியில் பேத்தி கல்யாணம், மகனுக்குப் பத்து நாள்தான் லீவு. ரத்த ரிப்போர்ட் எல்லாம் நெகட்டிவ். உட்கார்ந்திருக்கும்போதே கண்டாங்கிச் சேலை முந்தானையால் வலது கண்ணை ஒற்றிக்கொண்டே இருந்தார்கள். எவ்வளவு நாளாய் என்று கேட்டால், "அது கிடக்கு ஆத்தா, நாலு வருஷமா இருக்கு." மூக்கோரம் விரலால் மெதுவாக அழுத்தினேன். மஞ்சளாகச் சீழ் பிதுங்கி வந்தது. கண்ணீர்ப்பை அடைத்துச் சீழ் கட்டியிருக்கிறது. அந்தக் கண்ணைத் திறந்து லென்ஸ் வைப்பதும் சாக்கடை ஓரம் குடிதண்ணீர்த் தொட்டியைத் திறந்து வைப்பதும் ஒன்று. கிருமி உள்ளே இறங்கினால் இரண்டே நாளில் பார்வையே போகலாம்.

மகனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "பிளட் கிளீன்னு நீங்கதானே சொன்னீங்க?" சொன்னேன். ரத்தத்தில் மூன்று கிருமி இல்லை என்று சொன்னேன், உடம்பில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. வேறு இடத்துக்குக் கூட்டிப் போவேன் என்றார். போங்கள், எங்கே போனாலும் அந்த மூலையை அழுத்திக் காட்டுங்கள் என்றேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். கண்ணில் நீர் வடிகிறதா, காலையில் பீளை ஒட்டுகிறதா, காலில் ஆறாத புண் இருக்கிறதா, பல்லில் சீழ், காய்ச்சல், வீட்டில் யாருக்காவது மெட்ராஸ் ஐ? கேட்காமலே சொல்லுங்கள். படுக்க வைத்தால் இருமல் வரும் என்றால் அதையும் சொல்லுங்கள், நான் கத்தி பிடித்திருக்கும்போது இருமிவிடாதீர்கள். முன்னாலேயே பாசிட்டிவ் என்று தெரிந்தவர்கள், தயவுசெய்து என்னிடம் தனியாகவாவது சொல்லுங்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுக் கண்ணுக்கு நாள் தேடாதீர்கள். புரை காத்திருக்கும், ஒரு மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

ஆச்சிக்கு முதலில் கண்ணீர்ப்பையிலிருந்து மூக்குக்குப் புது வழி போடும் ஆபரேஷன் நடந்தது. கல்யாணத்தைப் பழைய கண்ணாடியோடுதான் பார்த்தார்கள். நேற்று, கவுன்டரில் அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு, அவர்கள் முறை. கண்ணோரத் துளையில் மழுங்கிய ஊசியால் உப்புத் தண்ணீர் விட்டேன். ஒரு விழுங்கு விழுங்கினார்கள்.

"தொண்டையில உப்புக் கரிக்குது ஆத்தா."

வழி திறந்துவிட்டது. அடுத்த புதன்கிழமைக்குப் புரை ஆபரேஷன் எழுதிக் கொடுத்தேன்.