பிளாக்: கட்டையில் தொடங்கிய சொல்

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூரில் ஒருவர் "பிளாக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால், அவர் விசாரிப்பது குவாரியில் வெட்டிய கல்லாக இருக்கலாம், ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்த மனுவாக இருக்கலாம், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மாமனாரின் நெஞ்சாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே ஆங்கிலச் சொல். போதாததற்கு, கறுப்பு என்று பொருள்படும் வேறொரு ஆங்கிலச் சொல்லும் நம் எழுத்தில் இதே 'பிளாக்'தான். கறுப்புக் கிரானைட்டைக் கட்டியாக வெட்டினால் அது 'பிளாக் பிளாக்'! ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உயிரொலி வேறு. தமிழ்நாட்டு வழக்கு இரண்டையும் ஆகாரத்தில் போட்டுவிடுகிறது. டாக்டரை 'டொக்டர்' என்று எழுதும் இலங்கை வழக்கில் இந்தச் சிக்கல் குறைவு.

சொல்லின் வேர் இடைக்கால டச்சு மொழியில் இருக்கிறது. அங்கே அதற்கு அடிமரம், மரத்துண்டு என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, முதல் பொருளுக்கு நேர்த் தமிழ் 'கட்டை'. கறிக்கடையில் இறைச்சி வெட்டுவதும், துணியில் பூ அச்சிடுவதும் இந்தக் கட்டையில்தான். தடுத்தல் என்ற பொருளும் மரத்துண்டிலிருந்து வெகுதூரம் போகவில்லை. வண்டிச் சக்கரம் உருளாமல் அண்டக் கொடுப்பது முட்டுக்கட்டை. காரியத்தைக் கெடுப்பவர் போடுவதும் முட்டுக்கட்டை. ஆங்கிலம் போன வழியில் தமிழும் தானாகவே போயிருக்கிறது.

கல்லுக்கு வருவோம். குவாரியில் பாறையிலிருந்து நான்கு பக்கமும் சதுரித்து எடுப்பது பிளாக். அதை ஆலையில் அறுத்து எடுக்கும் பலகை ஸ்லாப். இரண்டையும் 'பாளம்' என்றே எழுதுகிறார்கள், அது தவறு. தட்டையாக இருப்பதுதான் பாளம். பிளாக்குக்குக் 'கற்கட்டி' பொருந்தும். 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரமுள்ள கட்டி 6.75 கன மீட்டர். சாதாரண கிரானைட் கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன் என்பதால் எடை 18 டன்னைத் தாண்டும். கறுப்புக் கல் கன மீட்டருக்கு 3 டன் வரை இருப்பதால், அதே அளவுக் கட்டி 20 டன். லாரிக்காரர் முதலில் நிறம் கேட்பது அதனால்தான்.

வீடு கட்டுபவர்கள் சொல்லும் ஹாலோ பிளாக் வேறு பொருள். 'உள்ளீடற்ற கற்காரைக் கட்டி' என்று பாடநூல் தமிழில் சொல்லலாம். கொத்தனாரிடம் சொன்னால் சிரிப்பார். 'பொள்ளல் கல்' என்றால் ஒருவேளை நிலைக்கும். முகப்பு 16-க்கு 8 அங்குலம். கனம் 4, 6, 8 அங்குலம். நூறு சதுர அடிச் சுவருக்குச் சுமார் 113 கல் பிடிக்கும், உடைசல் தனி. இங்கே பெயரை வைத்தே ஒரு தப்பு நடக்கிறது. செங்கல்லைப் போல இதையும் கல் என்று நினைத்து, தண்ணீரில் ஊறவைத்துக் கட்டுகிறார்கள். செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் அதை நனைக்க வேண்டும். சிமென்ட் கட்டியோ நனைந்தால் உப்பும், சுவரில் ஏறியபின் காய்ந்து சுருங்கும், பூச்சோடு சேர்ந்து வெடிக்கும். வெயில் கடுமையாக இருந்தால் மேலாக லேசாகத் தெளித்தால் போதும். தெருவில் பதிக்கும் பேவர் பிளாக்குக்கு மட்டும் நல்ல தமிழ் ஏற்கெனவே உண்டு: பாவுகல்.

இனி அலுவலகம். 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் கிராமங்களைத் தொகுத்துப் பிரித்த அலகு 'பிளாக்'. தமிழில் அது இரண்டு பெயராகப் பிரிந்தது. அமைப்பு ஊராட்சி ஒன்றியம். அதிகாரி வட்டார வளர்ச்சி அலுவலர். வட்டாரம் என்ற இந்தச் சொல்லை வட்டத்தோடு குழப்பிக்கொண்டு அலைபவர்கள் ஏராளம். வட்டம் என்றால் தாலுகா, அங்கே இருப்பவர் வட்டாட்சியர். பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று அவரிடம். அரசு வீடு, ஊரக வேலைத் திட்டம் ஒன்றியத்தில். இரண்டின் எல்லையும் ஒன்றல்ல. தேன்கனிக்கோட்டை என்று வட்டம் இருக்கிறது, ஒன்றியம் கிடையாது. அந்தப் பக்கத்து ஒன்றியங்கள் தளியும் கெலமங்கலமும். காவேரிப்பட்டணம் அதற்கு நேர்மாறு: ஒன்றியம் உண்டு, வட்டம் இல்லை. மனுவில் 'பிளாக்' என்று எழுதுவதைவிட ஒன்றியம் என்று எழுதுவது பாதுகாப்பு.

தடுக்கும் பிளாக்குகளில் சில சுலபம். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் வருவது போக்குவரத்து நெரிசல். தொலைந்த ஏ.டி.எம். அட்டைக்கு முடக்கம். கல்யாண மண்டபத்தை 'பிளாக்' பண்ணுவது மட்டும் தலைகீழ்: அது தடுப்பதல்ல, நமக்காகப் பிடித்துவைப்பது. ரயில்வேயில் 'லைன் பிளாக்' என்று அறிவித்தால் பாதை பழுதாகிவிட்டது என்று பொருளல்ல, பராமரிப்பு வேலைக்காகக் குறிப்பிட்ட நேரத்துக்கு அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள்.

ஆபத்தான குழப்பம் நெஞ்சில். "ஹார்ட்ல பிளாக்" என்று நாம் சொல்வது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்த அடைப்பை. ஆஞ்சியோவில் தெரிவது அதுதான். தேவைப்பட்டால் ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழல்) அல்லது பைபாஸ். 70 சதவீதம் அடைப்பு என்றால் அந்தக் குழாயின் உள்வழி அவ்வளவு குறுகியிருக்கிறது என்று பொருள், இதயத்தில் எழுபது பங்கு போய்விட்டது என்றல்ல. மருத்துவ ஆங்கிலத்தில் 'ஹார்ட் பிளாக்' வேறு நோய்: துடிப்பைத் தூண்டும் மின்னோட்டம் மேலறையிலிருந்து கீழறைக்குத் தாமதமாகப் போவது, அல்லது போகாமலே நிற்பது. முற்றினால் அதற்குத் துடிப்பைத் தூண்டும் கருவியான பேஸ்மேக்கர். ஸ்டென்ட் அதைச் சரிசெய்யாது. முன்னதை 'குழாய் அடைப்பு' என்றும் பின்னதை 'மின்கடத்தல் தடை' என்றும் பிரித்துச் சொல்லலாம். ஈ.சி.ஜி. தாளில் 'ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்' என்று அச்சாகியிருப்பதும் மின்கடத்தல் சங்கதிதான். வேறு நோயே இல்லாதவர்களுக்கும் அது வரும். அதை வைத்துக் குழாய் அடைத்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது, மருத்துவரிடம் "குழாய் அடைப்பா, மின்கடத்தல் தடையா?" என்றே கேட்கலாம்.