குவெரி: கேள்வியா, வினவலா, ஏவலா?

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைக் கொள்முதல் கொட்டகை. சிறு விவசாயிகள் பச்சை இலை மூட்டையை இறக்கித் தராசில் வைப்பார்கள். பக்கத்தில் ஒரு தொடுதிரை. உறுப்பினர் எண்ணைத் தட்டிப் பொத்தானை அமுக்கினால், அந்த மாதம் எத்தனை கிலோ கொடுத்திருக்கிறார்கள் என்று வரும். அந்த மென்பொருள் நான் எழுதியது. பொத்தானில் ‘குவெரி’ என்று போட்டிருந்தேன். மூட்டையோடு வந்த பாட்டி ஒருவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “ஏன் தம்பி, இங்க எதுக்குக் குவாரி?” என்றார்.

குவாரிக்கும் குவெரிக்கும் உறவில்லை. கல் குவாரி, சதுரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. கல்லைச் சதுரமாக வெட்டி எடுக்கும் இடம். குவெரி வேறு குடும்பம். ஆனால் அது என்ன என்று பாட்டிக்கு ஒரு சொல்லில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினைந்து வருடமாக நாள்தோறும் தட்டச்சு செய்யும் சொல்!

லத்தீனில் ‘குவைரெரே’ என்றால் தேடுதல், கேட்டல். அதன் ஏவல் வடிவம் ‘குவைரே’: கேள், விசாரி. ஆங்கிலேய வழக்கறிஞர்களும் அறிஞர்களும் ஐயம் எழுந்த இடத்தில் ஓரத்தில் ‘குவைரே’ என்று குறித்து வைப்பார்கள். ‘இதை விசாரிக்கவும்’ என்று பொருள். நாளடைவில் கடைசி எழுத்தின் ஒலி மாறி, அது குவெரி ஆயிற்று. கொஸ்டின், என்கொயரி, ரிக்வஸ்ட் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. கவனிக்க வேண்டியது, குவெரி பிறக்கும்போது அது கேள்வி அல்ல, கட்டளை. நம்மூர் அரசு அலுவலகங்களில் அந்தப் பழைய வாசனை இன்னும் இருக்கிறது. “ஆடிட்ல குவெரி போட்டுட்டாங்க” என்று ஒருவர் முகம் வாடிச் சொன்னால், யாரோ எதையோ தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள் என்றா பொருள்? பதில் எழுது, இல்லையேல் பார்த்துக்கொள் என்று பொருள்.

கணினிக்குள் இந்தச் சொல் ஆழமாக ஊன்றியது தரவுத்தளங்களால். 1974இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் சேம்பர்லினும் பாய்ஸும் ஒரு வினவல் மொழியை முன்வைத்தார்கள். இன்றைய எஸ்கியூஎல் அதன் வழித்தோன்றல். பெயரின் நடுவில் உள்ள ‘கியூ’ குவெரிதான். அதன் வாக்கியம் ‘செலக்ட்’ என்று தொடங்கும். அதாவது ‘எடு’. இங்கேயும் ஏவல். பிறகு 2012இல் பேஸ்புக்கில் உருவாகி, 2015இல் பொதுவில் விடப்பட்ட கிராஃப்கியூஎல் என்ற இன்னொரு வினவல் மொழி வந்தது. இதில் கேட்பவரே விடையின் வடிவத்தையும் சொல்லிவிடலாம். உறுப்பினர் பெயரும் மொத்த எடையும் மட்டும் போதும் என்றால் அவை மட்டும் வரும்; முகவரி, வங்கிக் கணக்கு எண் என்று மூட்டையாகக் கொட்டாது. மலைப்பாதையில் இணையம் நொண்டும் ஊரில் இது பெரிய உபகாரம்.

இனி தமிழுக்கு வருவோம். முதலில் நாக்கில் வருவது ‘கேள்வி’. எனக்கு அதில் ஒரு தயக்கம். கேள் என்ற வினை இரண்டு வேலை செய்கிறது: கேள்வி கேட்கலாம், பாட்டும் கேட்கலாம். திருக்குறளின் ‘கேள்வி’ அதிகாரம் வினா எழுப்புவதைப் பற்றியது அல்ல, செவியால் கற்பதைப் பற்றியது. கன்னடத்திலும் ‘கேளு’வுக்கு இந்த இரண்டு பொருளும் உண்டு. மலையாளத்தில் ‘கேட்டு’ என்றால் காதில் விழுந்தது மட்டும். கேள்வி கேட்பதற்கு ‘சோதி’ என்பார்கள். மூன்று மொழியும் முட்டிக்கொள்ளும் கூடலூர்ப் பக்கம் இதை அனுபவித்திருக்கிறேன். “நான் அப்பவே கேட்டேனே” என்று நான் சொல்ல, எதிரில் இருந்த மலையாளி நண்பர் எனக்குக் காதில் விழுந்ததாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டார். மென்பொருளில் கேட்பது ஒரு பக்கம், செவிமடுப்பது மறுபக்கம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் படிப்பவர் தடுமாறுவார்.

அதனால் ‘வினவல்’. கலைச்சொல் பட்டியல்களில் ஏற்கெனவே உள்ள சொல்தான், வினா என்பதன் உறவு. (இதற்கும் பழைய தமிழில் செவிமடுத்தல் என்ற பொருள் இருந்தது, தெலுங்கில் ‘வினு’ என்றால் இன்றும் ‘காதால் கேள்’ என்றே பொருள். திராவிட மொழிகளுக்குக் கேட்பதையும் கேட்பதையும் பிரிக்க மனமில்லை போலும்.) இன்றைய தமிழில் வினவு என்றால் விசாரிப்பது மட்டுமே. ஆகவே கலைச்சொல்லுக்குத் தோது. ரிக்வஸ்ட்டைக் ‘கோரிக்கை’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்: கோரிக்கை உறை, வினவல் உள்ளே இருக்கும் கடிதம்.

வினவல் என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா? நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்ததுதான். ஆசிரியர் விடை தெரிந்தே மாணவரைக் கேட்பது அறிவினா. தேயிலைச் செடிக்கு நடுவே தெரிவது பாறையா, காட்டெருமையா என்பது ஐயவினா. அதற்கு விடை தெரியும்வரை யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. கடைக்காரரிடம் “அரைக் கிலோ வர்க்கி இருக்குங்களா?” என்பது கொளல்வினா. இருப்பு விவரம் அறிய அல்ல, வாங்கிக்கொள்ள. “போர்வை இல்லையா உனக்கு?” என்றால் கொடைவினா. “பாலை அடுப்புல வெச்சியா?” என்றால் ஏவல்வினா, வைக்காவிட்டால் போய் வை.

கிராஃப்கியூஎல்லின் குவெரி அப்படியே கொளல்வினா. தரவை மாற்றும் ‘மியூட்டேசன்’ ஏவலின் பக்கம். பெயரளவில் வினவல் மொழி, செய்வது இரண்டும்.

இந்த வேறுபாடு ஏட்டுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன், ஒரு திங்கட்கிழமை காலை வரை. கொட்டகைக் கணக்குப்பிள்ளை அழைத்தார். “அண்ணா, திரையில ஒண்ணுமே வரலீங்க. எல்லாரும் மூட்டையோட நிக்கிறாங்க.” ஐப்பசி மழையில் இணையம் போயிருக்கும் என்று முதலில் மேகத்தின்மேல் பழி போட்டேன். மேகக் கணிமை என்று பெயர் இருந்தாலும் நம் மேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை; என் வினவல் இடைமுகம், அதாவது திரை அனுப்பும் வினவலை வாங்கி விடை தரும் வாசல், இருப்பது மும்பையில், அமேசானின் மேகக் கணிமையான ஏடபிள்யூஎஸ்ஸின் ஆப்சிங்க் சேவையில். இணையம் நன்றாகத்தான் இருந்தது. காலாவதியானது ஏபிஐ சாவி: ஏபிஐ என்றால் இடைமுகம், அதற்குள் நம்மை அனுமதிக்கும் ரகசியக் குறி அந்தச் சாவி. காலம் குறிப்பிடாமல் சாவி உண்டாக்கினால் அது 7 நாள்தான் உயிரோடு இருக்கும். நாமாகக் குறித்தால் 365 நாள்வரை போகலாம். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் படிக்காமல் விட்டேன்.

சாவியைப் புதுப்பிக்க, பைத்தான் நிரல்மொழியில் ‘போட்டோ3’ என்ற கிளையன்ட் லைப்ரரியை, அதாவது ஏடபிள்யூஎஸ்ஸுக்குக் கோரிக்கை அனுப்ப உதவும் ஆயத்த நிரல்களின் தொகுப்பை, திறந்தேன். (போட்டோ என்பது அமேசான் ஆற்று ஓங்கில், அதாவது டால்பின். நிழற்படம் அல்ல.) பதற்றத்தில், அதே நிரலிலிருந்து இலைக் கணக்கையும் ஒருமுறை வினவிப் பார்க்கலாம் என்று வழி தேடினேன். இல்லை. அந்த லைப்ரரியின் ஆப்சிங்க் பகுதி, வினவல் இடைமுகத்தை உண்டாக்கும், திருத்தும், அழிக்கும், பட்டியலிடும், சாவி தரும், எந்தத் தரவுமூலத்திலிருந்து விடை எடுக்க வேண்டும் என்று இணைக்கும். நம் தரவை வினவி வாங்கித் தருவது அதன் வேலை இல்லை. அதற்கு இடைமுகத்தின் முகவரிக்கே சாவியோடு தனிக் கோரிக்கை அனுப்ப வேண்டும். கடையைத் திறப்பது, பூட்டுவது, பலகை மாட்டுவது ஒரு ஆள். சாமான் வாங்க வருவது வேறு ஆள்.

அந்த லைப்ரரியின் அழைப்புகளைப் பாருங்கள்: கிரியேட், அப்டேட், டெலீட், கெட், லிஸ்ட், ஸ்டார்ட். அத்தனையும் ஏவல். ஆனால் தரவின் அமைப்பை ஏற்றும் அழைப்பு கொஞ்சம் வேறு மாதிரி. ‘தொடங்கு’ என்று மட்டும் சொல்ல முடியும், உடனே முடியாது. பிறகு “முடிந்ததா?” என்று நிலையைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். உண்மையிலேயே விடை தெரியாமல் கேட்பதால், இது அறியாவினா. பட்டியல் கேட்டால் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 25 தான் வரும்; மிச்சத்துக்கு ரேஷன் கடை மாதிரி ஒரு டோக்கன் கையில் தருவார்கள், அதைக் காட்டி அடுத்த 25 வாங்கலாம். ஆக, கையேட்டில் இந்த வேலைகளுக்கு ‘குவெரி ஏபிஐ நிர்வாகம்’ என்று தலைப்பு வந்தால், அதை ‘வினவல் நிர்வாகம்’ என்று சுருக்கினால் பிழை. ‘வினவல் இடைமுக நிர்வாகம்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். நிர்வகிக்கப்படுவது வினவல் அல்ல, வினவலுக்கு விடை தரும் வாசல்.

கிளையன்ட் லைப்ரரியை ‘வாடிக்கையாளர் நூலகம்’ என்று மொழிபெயர்த்ததை ஒரு கையேட்டில் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஊட்டியில் 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகத்துக்கு வேண்டுமானால் அது பொருந்தும். லத்தீனில் கிளையன்ட் என்பவர் ஒரு பெரிய மனிதரின் ஆதரவில் வாழ்பவர். கணினியில், கோரிக்கை அனுப்பிப் பெற்றுக்கொள்ளும் பக்கம். சர்வருக்கு ‘வழங்கி’ என்ற சொல் நிலைத்துவிட்டது. அதற்கு இணை ‘வாங்கி’. மைக்கை ஒலிவாங்கி என்று ஏற்றுக்கொண்ட நமக்கு இது உறுத்தாது. லைப்ரரிக்கு ‘நிரலகம்’ நல்ல சொல். 1950 வாக்கில் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினிக்கான துணைநிரல்கள் துளையிட்ட காகித நாடாக்களாக அலமாரியில் அடுக்கப்பட்டு, வேண்டியவர் எடுத்துப் படியெடுத்துக்கொண்டார்கள்; அந்தத் தொகுப்புக்கும் லைப்ரரி என்றுதான் பெயர். ஆக, வாங்கி நிரலகம். முதல் தடவை விசித்திரமாகத்தான் ஒலிக்கும். வழங்கியும் அப்படித்தான் ஒலித்தது.

சாவியை ஒரு வருடத்துக்கு நீட்டிவிட்டு, கையோடு பொத்தானையும் மாற்றினேன். கையேட்டிலும் நிரல் குறிப்புகளிலும் வினவல். கொட்டகைத் திரையில் அதுவும் இல்லை. ‘என் இலைக் கணக்கு’ என்று எழுதினேன். அடுத்த வாரம் பாட்டி வந்து அமுக்கினார். “போன மாசத்தையும் காட்டுமா?” என்றார்.